தோலுக்கு வெளியே நின்றுவிடும் பாடம்: பாலியல் கல்வியும் பெண்ணுடல் பற்றிய கற்பனைகளும்

வைகைக்கரை:

நான் பணியாற்றும் கலை அறிவியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கென அண்மையில் ஒரு நலவாழ்வு அமர்வு நடந்தது. மகப்பேறு மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். கூச்சம் குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக, பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தோம். ஆண்களுக்கு ஒரு பெட்டி, பெண்களுக்கு ஒரு பெட்டி. சீட்டுகளைப் படித்து வகைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது.

கருத்தடை பற்றியும் நோய்த்தொற்று பற்றியும் ஓரிரு சீட்டுகளே இருந்தன. மற்றவை பெரும்பாலும் பெண்ணின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. ஆண்கள் பெட்டியில்: "முதல் இரவில் இரத்தம் வராவிட்டால் அவள் ஏற்கெனவே பழகியவள் என்று பொருளா?" "அந்த இடம் கறுத்திருந்தால் பலரோடு உறவு இருந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?" பெண்கள் பெட்டியில்: "தொடை இடுக்கு வெளுக்க ஆன்லைனில் வாங்கிய க்ரீமைத் தொடர்ந்து போடலாமா?" "ஒரு பக்க மார்பு சிறியதாக இருக்கிறது, திருமணத்துக்குமுன் சரிசெய்ய முடியுமா?" "உள்ளே இருக்க வேண்டியது வெளியே தெரிகிறது, இது நோயா?" கடைசிச் சீட்டில் 'வெளியே' என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார்கள்.

இவர்கள் எல்லாரும் பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். பாடம் நடத்தப்படவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலை எடுத்துப் பார்த்தேன். பெண் இனப்பெருக்க மண்டலத்துக்கு இரண்டு படங்கள் உள்ளன: ஒன்று இடுப்பின் நெடுக்குவெட்டு, மற்றொன்று கருப்பையும் சூலகமும் கருக்குழாயும். புற உறுப்புகளுக்கு ஒரு சிறு பத்தி உண்டு; முன்னிருந்து பார்க்கும் படம் இல்லை. அதே நூல், யோனியின் வாயிலுள்ள மெல்லிய மடிப்பான கன்னிச்சவ்வு இருப்பதையோ இல்லாததையோ வைத்து ஒரு பெண்ணின் உறவு அனுபவத்தை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்த வரி உயிரியல் பிரிவு மாணவர்களுக்கு மட்டுமே. வணிகவியலும் கணினி அறிவியலும் எடுத்தவர்களுக்கு அது கண்ணில் படவே வாய்ப்பில்லை. உயிரியல் வகுப்பிலும் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பும் வழக்கத்தை நாம் அறிவோம்.

கருப்பையின் குறுக்குவெட்டை வரைந்து மதிப்பெண் வாங்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் உடம்பின் வெளிப்புறம் இயல்பானதுதானா என்று தெரியவில்லை. அந்த இடைவெளியைக் கைப்பேசிப் படங்கள் நிரப்புகின்றன. இதுவே என் வாதம். மருத்துவமும் சட்டமும் அறிந்தவர்கள் இந்த இணைய மன்றத்தில் இருக்கிறீர்கள். எதைக் கற்பிக்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

வேம்பு:

அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட சீட்டுகள் எதுவும் எனக்குப் புதியவை அல்ல. புறநோயாளிப் பிரிவில் தாயார் வெளியே போகும்வரை காத்திருந்து, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே நின்று, "இன்னொன்று கேட்கலாமா டாக்டர்" என்று தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்.

பெண்ணுறுப்பின் உள்ளிதழ்கள் வெளியிதழ்களைத் தாண்டி வெளியே தெரிவது நோயன்று. லண்டனில் 50 பெண்களை அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளிதழின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரையிலும், நீளம் 20 மில்லிமீட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் வரையிலும் இருந்தது. பின்னர் 2018-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகர மருத்துவமனை 657 பெண்களை அளந்து வெளியிட்டது. அங்கும் இதே விரிந்த வேறுபாடுதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஏழு மடங்கு வேறுபாடு இயல்புக்குள்ளேயே அடங்குகிறது என்றால், "சரியான அளவு" என்று ஒருவர் காட்டும் ஒற்றைப் படம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்க வேண்டும். உறுத்தல், வலி, சைக்கிள் ஓட்டும்போது எரிச்சல் போன்ற தொல்லை இருந்தால் மருத்துவரிடம் வரலாம். பார்வைக்கு மட்டும் வெட்டிக்கொள்ள வருவோரிடம் நான் முதலில் பேசிப் பார்ப்பேன். பெண்ணுறுப்பை "இளமையாக்கும்" லேசர் சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் இடங்கள் இப்போது நம் நகரங்களிலும் வந்துவிட்டன. அந்தப் பெயரில் கருவிகளை விற்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையிலேயே எச்சரித்தது. தீக்காயமும் வடுவும் நீங்காத வலியும் ஏற்படலாம் என்று அது சொன்னது.

நிறத்தைப் பற்றி: அந்தப் பகுதித் தோலின் நிறமிச் செல்கள் பாலின இயக்குநீர்களுக்கு (ஹார்மோன்களுக்கு) கூடுதலாக வினைபுரிபவை. அதனால் பருவமடையும்போதே கறுக்கத் தொடங்கும், கர்ப்பகாலத்தில் மேலும் கறுக்கும், மார்புக் காம்பைச் சுற்றிய வட்டமும் அப்படியே. உறவு எத்தனை முறை நடந்தது என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆண்களின் விதைப்பையும் இதே காரணத்தால்தான் கறுத்திருக்கிறது. அதைப் பார்த்து யாரும் அவர்களுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதுவதில்லை.

வெளுக்கும் க்ரீம் என்று அந்தப் பெண் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. முகத்துக்கென விற்கப்படும் க்ரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடை இடுக்கின் தோல் மெல்லியது, எப்போதும் மூடியே இருப்பது. அங்கே அது மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். சில வாரங்களில் தோல் மெலிந்து, அகன்ற சிவந்த வரிகள் விழும். படர்தாமரை இருந்தால் அடங்குவதுபோல் காட்டிவிட்டுப் பின்னர் தொடை முழுவதும் பரவும். வரிகள் பிறகு மறைவதில்லை.

வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு சீட்டுமா வரவில்லை? வராமல் இருந்திருந்தால் வியப்பேன். யோனிக்குழாயில் வாழும் நற்பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்புத்தான் கிருமிகளுக்கு எதிரான காவல். உள்ளாடையின் துணி அந்த இடத்தில் மட்டும் சாயம் போவதும் அதனால்தான். மாதத்தின் நடுவில், சினைமுட்டை வெளிப்படும் நாட்களில், திரவம் முட்டை வெண்கருபோல நீண்டு வரும். மற்ற நாட்களில் கெட்டியாகவோ குறைவாகவோ இருக்கும். "எலும்பு உருகி வருகிறது", "சூடு", "பலமெல்லாம் போகிறது" என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, நலமாக இருக்கும் பெண்ணையும் நோயாளியாக்கி வைத்திருக்கிறோம். அரிப்போடு திரிதிரியாக வந்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, பச்சை கலந்த மஞ்சளாக இருந்தாலோ, உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் கலந்தாலோ வந்து காட்டுங்கள். மற்றபடி வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். மணம் சேர்த்த திரவத்தால் உள்ளே கழுவுவது அந்தக் காவலைக் கலைத்து, எந்த வாடையை விரட்ட நினைத்தீர்களோ அதையே கொண்டுவரும்.

வைகைக்கரை:

வந்தது அம்மா. ஒன்றல்ல, பெண்கள் பெட்டியில் மிகுதியானவை அதைப் பற்றியவையே. அதை நான் 'உடல்நலம்' என்று தனிக் கட்டாக வைத்திருந்ததால் இங்கே குறிப்பிடவில்லை.

ஆலமரம்:

மதிப்பிற்குரிய அம்மையார் எழுதியதில் மருத்துவக் குறையேதும் காண எனக்குத் தகுதியில்லை. என் ஐயம் வேறு. கல்லூரியில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த விவாதம் பாடநூலில் படம் இல்லை என்று தொடங்கியிருக்கிறது. மைய அரசு 2005-இல் கொண்டுவந்த வளரிளம்பருவக் கல்வித் திட்டத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், கருநாடகம், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. அன்று எழுந்த எதிர்ப்புகளில் முதன்மையானது, ஆசிரியர் கையேட்டிலும் விளக்க அட்டைகளிலும் இருந்த படங்களுக்கு எதிரானது. மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் 2009-இல் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே அறிக்கை தந்தது. பெற்றோர் எல்லாரும் அறிவிலிகள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் அந்தப் படத்தைத் தொங்கவிட்டால், அடுத்த மணியிலிருந்து எந்தப் பெண்பிள்ளை நிம்மதியாக உட்கார முடியும்? இதைத் தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் சொல்வதே முறை.

பொருநை:

ஆலமரம் ஐயா, தாய் மகளுக்கு என்ன சொல்கிறார் என்பதை நான் நாள்தோறும் கேட்கிறேன். நெல்லைப் பக்கம் அழகுநிலையம் நடத்துகிறேன்.

முகூர்த்த மாதங்களில் மணப்பெண்ணைத் தாயாரோ அத்தையோ அழைத்து வருவார்கள். முன்பெல்லாம் த்ரெடிங், ஃபேஷியல், மெகந்தி என்ற அளவில் இருந்தது. இப்போது 'ப்ரைடல் பேக்கேஜ்' என்றால் ஃபுல் பாடி வாக்ஸ், டி-டான், முதுகுக்கு ப்ளீச், சிலர் கேட்டால் அந்தரங்க மயிரை நீக்கும் பிகினி வாக்ஸ் என்று நீண்டுவிட்டது. அண்மையில் வந்த ஒரு பெண் எதுவுமே பேசவில்லை. பேசியது முழுக்கத் தாயார்தான். "மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பவர், எதிர்பார்ப்பார்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் தொடையிலும் இடுப்பிலும் வெள்ளை வரிகள் இருந்தன. "பிள்ளை பெறாதவளுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டுவிடுவார்களே" என்பதுதான் தாயாரின் அச்சம். பதின்மூன்று, பதினான்கு வயதில் வேகமாக வளரும்போதே அந்த வரிகள் விழும் என்று அழகுக்கலைப் பயிற்சியில் நான் படித்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, அதை மறைக்கும் பவுண்டேஷன் இருக்கிறதா என்று கேட்டார்.

வாக்ஸ் செய்வதால் எனக்கு வருமானம். அதை மறைத்துப் பேசவில்லை. விரும்பிச் செய்துகொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு முதன்முறையாகப் பிகினி வாக்ஸ் செய்ய வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதுண்டு. மயிர்க்கால்கள் சீழ் பிடித்துக் கொப்புளித்தால் அந்தப் பெண்ணுக்கு முதல் வாரம் முழுவதும் வேதனை. வலைத்தளங்களில் காணும் வழுவழுப்பான தொடை, அப்போதுதான் வாக்ஸ் செய்து, மேக்கப் பூசி, விளக்கின் கோணம் பார்த்து எடுத்தது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவோம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

கொங்குதேர்:

பழியை எல்லாம் கைப்பேசி மேல் போட்டுவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்று ஈசனோடு நக்கீரர் வாதிட்ட கதையைப் போற்றி வளர்ந்த மொழி நம்முடையது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலை ஒட்டி எழுந்த அந்தக் கதையில், நக்கீரர் இல்லை என்கிறார்; பூவாலும் நெய்யாலும் வரும் மணம் என்கிறார்; உமையின் கூந்தலுக்கும் அப்படித்தானா என்று கேட்டபோதும் பின்வாங்கவில்லை. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற வரியை மேடைக்கு மேடை சொல்கிறோம், அந்தக் குற்றம் எதைப் பற்றியது என்பதை மறந்துவிட்டு. பெண்ணுடல் பற்றிய மிகைக்கு எதிராக அன்றைக்கே ஒருவர் வாதிட்டிருக்கிறார்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். துடியிடை என்று கவிஞர் பாடியபோது அதை யாரும் நாடா வைத்து அளக்கவில்லை. அது கவிமரபு என்று கேட்டவருக்கும் தெரியும். காணொளியைப் பார்ப்பவர் அதை மரபு என்று எடுத்துக்கொள்வதில்லை, உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசி மயிரை நீக்கிய பாட்டிமாரும் நம் வீடுகளில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டு இறக்குமதி என்று முழுவதையும் தள்ளிவிட முடியாது.

தராசு:

ஆலமரம் ஐயாவின் கருத்துக்கு மறுமொழியாக, கன்னிச்சவ்வு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தவறான உடற்கூற்று அறிவு வீட்டுக்குள் நின்றுவிடாமல் நீதிமன்றம் வரை வந்த கதை அது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் உடலில் இரண்டு விரல்களைச் செலுத்திப் பார்த்து, அவர் "உறவுக்குப் பழகியவர்" என்று மருத்துவர் சான்றிதழில் எழுதுவது இந்நாட்டில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அது பெண்ணின் அந்தரங்கத்தையும் மாண்பையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்தச் சோதனையை உடனே தடை செய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்து, மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையே திருத்தச் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-லேயே கன்னித்தன்மைச் சோதனை எதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிவித்துவிட்டது.

இதைவிட வருத்தத்துக்குரியது மருத்துவக் கல்வியில் நடந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தடயவியல் மருத்துவப் பாடத்தைத் திருத்தி, கன்னித்தன்மையின் "அறிகுறிகள்" அறிவியலற்றவை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கச் சொன்னது. 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், கன்னிச்சவ்வின் வகைகளும் அதன் சட்ட முக்கியத்துவமும் என்ற பழைய பகுதி திரும்பவும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மருத்துவப் பாடத்திலேயே இந்த நிலை என்றால், வீட்டில் தாயும் தந்தையும் சரியாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதை நம்பிச் சொல்வது?

அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வையும் நினைவூட்டுகிறேன். கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களைச் சோதித்ததில், உடலுறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் இருவரிடம் மட்டுமே தென்பட்டது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதே சவ்வைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. படுக்கை விரிப்பைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

வேம்பு:

தராசு அவர்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தச் சவ்வு வழியை அடைத்துக்கொண்டிருக்கும் மூடியன்று. அடைத்திருந்தால் மாதவிடாய் எப்படி வெளிவரும்? துளையே இல்லாமல் பிறக்கும் பெண்குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. பருவமடைந்ததும் இரத்தம் உள்ளேயே தேங்கி, மாதாமாதம் வயிற்றுவலியோடு அழைத்து வருவார்கள், சிறு அறுவையில் திறந்துவிடுவோம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது யோனியின் வாயைச் சுற்றி நெகிழும் தன்மையுள்ள ஒரு மடிப்பு. பலருக்கு முதல் உறவில் இரத்தம் வருவதில்லை. வந்தால் அது பெரும்பாலும் பதற்றத்தாலும் அவசரத்தாலும் ஈரமின்றி உராய்ந்த கிழிசலிலிருந்து வருவது. இரத்தத்தை எதிர்பார்க்கும் ஆண், தான் மனைவிக்கு ஏற்படுத்திய காயத்தை அவளுடைய ஒழுக்கத்தின் சான்றாக எடுத்துக்கொள்கிறார்.

புதுக்குடித்தனம்:

எனக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகப்போகிறது. இந்த இழையை முழுவதும் படித்தேன். ஆண்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். அந்த எதிர்பார்ப்பு எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். விடுதி அறையில் ஒருவன் கைப்பேசியைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்ததுதான் எங்கள் பாடம். அதில் வரும் பெண்ணுக்கு உடலில் ஒரு மயிர் இல்லை, வயிற்றில் ஒரு மடிப்பு இல்லை, எப்போதும் ஆயத்தமாக இருக்கிறாள், மறுப்பே சொல்வதில்லை. மறுத்துச் சொல்ல எங்களுக்கு வேறெந்த ஆதாரமும் இல்லை. அக்காவிடம் கேட்க முடியுமா, அப்பாவிடம் கேட்க முடியுமா? தந்தை மகனுக்குச் சொல்வதே முறை என்று ஆலமரம் ஐயா எழுதியதைப் படித்தபோது, என் தந்தை இது குறித்து என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் நினைவுக்கு வந்தது: "பார்த்து நடந்துகொள்." எதைப் பார்த்து?

வேம்பு அம்மா, மனைவியின் உடல் ஆயத்தமாவதற்கு நேரம் எடுக்கும் என்பதைக்கூட எங்களில் பலர் அவளுக்கு விருப்பமில்லை என்றே புரிந்துகொள்கிறோம். இதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

வேம்பு:

சொல்லியிருக்க வேண்டும் தம்பி. விருப்பம் மனத்தில் எழுந்த உடனே உடல் ஈரமாகிவிடும் என்ற கட்டாயம் இல்லை. களைப்பு, அச்சம், பாலூட்டும் காலம், சில மாத்திரைகள் என எத்தனையோ காரணங்களால் அது தாமதமாகலாம். ஆனால் உடல் சொல்வதை நீங்களாக ஊகிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். ஈரமிருந்தும் விருப்பமில்லாமல் இருக்கலாம், விருப்பமிருந்தும் ஈரமில்லாமல் இருக்கலாம்.

பெண்ணின் இன்பத்துக்கென்றே அமைந்த உறுப்பான கிளிட்டோரிஸை, வைகைக்கரை அவர்கள் குறிப்பிட்ட அதே பாடநூல் விரல்போன்ற சிறிய அமைப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. வெளியே தெரிவது அதன் நுனி மட்டுமே. பெரும்பகுதி உள்ளே இரு கால்களாகப் பிரிந்து யோனியின் இருபுறமும் செல்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் சடலங்களை அறுத்துப் பார்த்து விரிவாக எழுதியதற்குப் பிறகுதான் மருத்துவ நூல்களே மெல்லத் திருந்தத் தொடங்கின. நான் படித்த காலத்தில் எங்கள் உடற்கூற்று நூலில் ஆணுறுப்புக்குப் பல பக்கங்கள், இதற்குச் சில வரிகள்.

ஆலமரம்:

புதுக்குடித்தனம் தம்பி கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. என் மகனிடம் நானும் அதற்குமேல் பேசியதில்லை. பள்ளி வகுப்பறையில் படத்தைத் தொங்கவிடுவது குறித்த என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் வைகைக்கரை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கல்லூரியில் நீங்கள் நடத்தும் அமர்வைப் பெற்றோருக்கும் தனியே நடத்த இயலுமா? எங்களுக்கே தெரியாததைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

வைகைக்கரை:

முதல்வரிடம் பேசிவிட்டேன் ஐயா. அடுத்த பருவத்தில் மாணவர்களுக்கு ஓர் அமர்வும், பெற்றோர் சந்திப்பு நாளன்று பிற்பகலில் விரும்பி வரும் பெற்றோருக்கு ஓர் அமர்வும் வைக்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. தாய்மாரும் தந்தைமாரும் தனித்தனி அறைகளில் அமரலாம். தொடக்கத்தில் உரை எதுவும் வேண்டாம், பெட்டியில் வந்த கேள்விகளை, கையெழுத்து தெரியாதபடி தட்டச்சு செய்து, அப்படியே படித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

படங்களைப் பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரே ஒரு படத்தைக் காட்டினால் அதுவே புதிய அளவுகோல் ஆகிவிடும் அல்லவா?

வேம்பு:

ஆகும். அதனால் ஒன்றைக் காட்டாதீர்கள். வெவ்வேறு வடிவம், நிறம், வயது, பிள்ளை பெறுமுன், பெற்றபின் எனக் கோட்டோவியங்களாக வரைந்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. செவிலியர் பயிற்சிக்காக ஆயத்தம் செய்தது. ஒளிப்படம் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். தாளை அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுங்கள். விரும்பாதவர் திறக்காமலே திருப்பித் தரலாம். பெண்கள் அறைக்கு நான் வருகிறேன், ஆண்கள் அறைக்கு உடன் பணியாற்றிய ஆண் மருத்துவர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். பொருநையும் வர முடிந்தால் நல்லது. க்ரீமைப் பற்றி நான் சொல்வதைவிட அவர் சொன்னால் கேட்பார்கள்.

பொருநை:

முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.